ரெண்டு வாட்ச் பஞ்சாங்கம்

எனக்குக் கடவுள் கொடுத்தது தொண்டை ஒன்றுதான். உயரம் இல்லை, ஓட்டம் இல்லை, பந்தை உதைத்தால் அது நான் நினைத்த திசையில் போனதே கிடையாது. ஆனால் எழுபது பையன்கள் இருக்கும் வகுப்பில், மூன்று மின்விசிறிகளின் கடகடப்பையும் மீறி, கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்ப எனக்கு மைக் தேவைப்பட்டதில்லை. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்தால் தலைமை ஆசிரியர் முதலில் தேடுவது எலக்ட்ரீஷியனை அல்ல, என்னைத்தான்.

இந்தத் தொண்டையை நான் மனதார அனுபவித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பொன்மலைப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்கள் நடக்கும். எங்கள் ஸ்ரீரங்கத்துப் பையன்களின் அணியும் ஆடும். உலகம் முழுக்கப் பார்க்கிற பெரிய ஆட்டங்களை என் மாணவர்கள் செல்போனில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. நான் திட்டினால் காதில் விழுகிற தூரத்தில் ஆள் ஓட வேண்டும். அதுதான் எனக்கு ஆட்டம்.

எங்கள் அணி அப்படியொன்றும் பெரிய அணி இல்லை. கோல்கீப்பர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவுக்குள் எத்தனை பேர் வந்தாலும் விடுவார், கம்பத்துக்குள் ஒரு பந்தை விட மாட்டார். நடுவில் ஆடுகிறவர் பரோட்டா மாஸ்டர். வலது ஓரத்தில் ஓடுகிறவன் என்னிடமே தமிழில் இரண்டு முறை ஃபெயில் ஆனவன். வகுப்பில் அவனை நான் திட்டாத நாள் இல்லை. மைதானத்தில் அவன் காலில் பந்து வந்துவிட்டால், "என்கிட்ட படிச்ச பையன்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததுமே எனக்குக் கால் நிற்காது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, ஜங்ஷன் பக்கம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்பேன். காவிரிப் பாலத்தை மூடி வேலை பார்த்த மாதங்களில்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். மைதானத்தின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் எனக்கென்று ஓர் இடம். அங்கே உட்காருகிறவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. பழக்கடைக்காரர் ஒருவர், கோர்ட்டில் டைப் அடிக்கிறவர் ஒருவர், சுண்டல் விற்க வந்து விற்பதை மறந்துவிடுகிறவர் ஒருவர். வாரம் முழுக்க நாங்கள் யாரோ. தொண்ணூறு நிமிஷத்துக்கு மட்டும் ஒரே வீட்டுக்காரர்கள்.

ஒரு வருஷம் அரையிறுதியில் கொட்டுகிற மழை. மைதானம் சேறாகிவிட்டது. கடைசி நிமிஷத்தில் பரோட்டா மாஸ்டர் தூக்கி அடித்த பந்து கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் சேற்றில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் அதை எடுக்க ஓடி ஒருவர் மேல் ஒருவர் வழுக்கி விழுந்தார்கள். என் மாணவன் நிதானமாக வந்து, வீட்டு வாசலில் கிடக்கிற பேப்பரைக் காலால் உள்ளே தள்ளுவதைப் போல, அதை உள்ளே தள்ளினான். நான் டைப் அடிக்கிறவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்குப் பையன்கள் வந்திருந்த குட்டி யானை வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நனைந்த வேட்டியோடு, காவிரிப் பாலம் முழுக்க, பின்னால் நின்று ஆடிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் வந்த என் மாணவன் ஒருவனுடைய அம்மா அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "பாலத்துல ஆடினது நீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். அவரும் நல்ல மனுஷர்தான்.

இதுவரை சொன்னது என் நல்ல பக்கம். இனி மற்றது.

எங்கள் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரே நடுவர்தான் வருவார். ஒல்லியான மனிதர், நேரான முதுகு, முகத்தில் சிரிப்பே கிடையாது. இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருப்பார். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் இன்னொன்றை நிறுத்தி, வீணான நேரத்தைக் கணக்கு வைத்துக் கடைசியில் கூட்டுவார். நடுவர்கள் அப்படிக் கட்டுவது வழக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. எங்கள் ஆட்டம் தொடங்குவதும் சரியாக நாலரைக்குத்தான். ராகுகாலமும் தொண்ணூறு நிமிஷம், கால்பந்தும் தொண்ணூறு நிமிஷம். இடைவேளை, கூடுதல் நேரம் எல்லாம் சேர்ந்து ஆறு மணியைத் தாண்டும். ஒரு நாள் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். ஆறேகால் ஆகிவிட்டது. அவர் இடது கையைப் பார்க்கிறார், வலது கையைப் பார்க்கிறார், விசிலை மட்டும் ஊத மாட்டேன் என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"யோவ் பஞ்சாங்கம், ராகுகாலம் முடிஞ்சுதாய்யா?"

மேற்குச் சுவர் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது, அதுதான் வினை. அடுத்த வாரமும் கத்தினேன். "ராகுகாலத்துக்கு ஒண்ணு, எமகண்டத்துக்கு ஒண்ணா?" என்று வாட்சுகளைப் பற்றியும் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் அவர் மைதானத்துக்குள் வந்தாலே நாலு பக்கமும் "பஞ்சாங்கம்" என்றுதான் சத்தம் கேட்கும். அந்த மனிதரின் சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. பதினாலு வருஷம் அப்படிக் கூப்பிட்டேன். என்னைப் போல ஒருவன் கிளப்பிவிட்டால் போதும், மற்றவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதையும் பார்த்தேன். ஓர் இறுதி ஆட்டத்தில் எங்கள் கோலை ஆஃப்சைடு என்று அவர் தள்ளிவிட்டார். தண்ணீர் பாக்கெட்டுகள் பறந்தன. ஒன்று அவர் முதுகில் பட்டு உடைந்தது. ஆட்டம் முடிந்து அவர் தன் ஸ்கூட்டருக்குப் போனபோது, சீட்டில் யாரோ சாக்பீஸால் கொட்டை எழுத்தில் "பஞ்சாங்கம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அவர்மேல் தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுதி, எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்கு "குக்கர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கரும்பலகையில் எழுதியவனைக் கண்டுபிடிக்க, ஒரு பீரியட் முழுக்க வகுப்பையே நிற்க வைத்தவன் நான். அந்த நானேதான் வெண்பாவும் எழுதினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது எண்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருஷம், என் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறவன். மூன்று வருஷமாகப் பழக்கம். வீடு பொன்மலைப் பக்கம், அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, ஒரே பையன். என் மனைவி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தபிறகு மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க அப்பாவும் உங்கள மாதிரிதாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ஆனா மைதானத்துக்குப் போயிடுவாராம்."

எனக்கு அப்போதே சம்பந்தம் பிடித்துவிட்டது. சம்பந்தியோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். மரத்தடியில் அவருக்கு எந்த இடத்தைப் பிடித்து வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. போனை வாங்கி நானே அவரிடம் பேசினேன். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கெல்லாம் வந்துருங்க. நாலரைக்கு மேல ராகுகாலம் வந்துரும்" என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க, வந்துடறோம்" என்று ஒரு குரல் சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, எனக்கு இந்தப் பையனத் தவிர வேற யாரும் வேணாம். இன்னைக்கு ஒரு நாள் உங்க வாயக் கொஞ்சம் அடக்கிக்கங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி என்ன பேசிவிடப் போகிறேன் என்று அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனேன்.

சரியாக மூன்று மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கேட்டைத் திறந்தேன். முதலில் இறங்கிய மனிதர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னார். வெயிலில் கறுத்த அந்த இரண்டு மணிக்கட்டிலும், வாட்ச் கட்டும் இடத்தில், வெயில் படாத வெளுத்த பட்டை இருந்தது. இரண்டிலும். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். நேரான முதுகு, சிரிப்பில்லாத அதே முகம்.

"வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். மைதானத்துக்குள் நிற்கிற மனிதருக்கு மரத்தடியில் இருக்கிறவர்களின் முகம் தெரிந்திருக்காது. குரல் தெரியாமல் இருக்காது. தலையை மட்டும் ஆட்டி உள்ளே கூப்பிட்டுவிட்டு, சமையலறைக்குள் ஓடி, என் மனைவியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். வெண்பாவை அவளுக்கும் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பதினாலு வருஷமா ஊரெல்லாம் கேட்கக் கத்தினீங்கள்ல. இப்ப அனுபவிங்க" என்றாள். பிறகு காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சிரித்த முகமாக, "அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க. டாக்டர் பத்து நாளைக்குப் பேசவே கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். மகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். காலையில்தான் என்னோடு பேசியிருந்தாள்.

பையனுடைய அம்மா அன்றைக்கு என்னை விடவில்லை. உருண்டை முகம், நெற்றியில் பெரிய பொட்டு, எதையும் தப்பவிடாத கண்கள்.

"போன்ல கணீர்னு இருந்துச்சேண்ணே. அதுக்குள்ள என்ன ஆச்சு?" என்றார்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"ரொம்பக் கத்தினா இப்படித்தான் ஆகும். வாத்தியார் வேலையில்ல. சுக்குத் தட்டிப் போட்டுக் குடிச்சீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மிளகு?"

அதற்கும் ஆட்டினேன்.

"நீங்க ஞாயித்துக்கிழமையில என்னண்ணே பண்ணுவீங்க?"

என் மனைவி குறுக்கே புகுந்து, வீட்டு வேலை செய்வார் என்று வாய் கூசாமல் சொன்னாள். அந்த அம்மா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "நல்ல பழக்கம்" என்றார். நடுவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தபடி காபி குடித்தார். நாலு இருபதுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகுகாலம் வர்றதுக்குள்ள கிளம்பலாம்" என்று எழுந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

அந்த மூன்று வாரம் போனில் எல்லாம் என் மனைவிதான் பேசினாள். இதற்கு நடுவில் வந்தது அந்த வருஷத்து இறுதி ஆட்டம். நடுவர் அவரேதான். எங்கள் பையன்கள் ஆறு வருஷம் கழித்து இறுதிக்கு வந்திருக்கிறார்கள். போகாமல் இருக்க முடியுமா. "போனீங்கன்னா பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்றாள் மனைவி. வாயைத் திறக்க மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன், தலையைத் தள்ளிக்கொண்டாள். தோளில் கிடந்த துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். டைப் அடிக்கிறவர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், காய்ச்சலா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு ஆட்டம் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அது வேறு ஆட்டமாக இருந்தது. கத்தாத மனிதனுக்குக் கண் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. அந்த மெலிந்த மனிதர் இந்த வயதிலும் பந்துக்குப் பத்தடி பின்னால் எப்போதும் இருந்தார். கீழே விழுந்த எங்கள் பையனை, அவன் கத்துவதற்கு முன்னாலேயே குனிந்து கணுக்காலைப் பார்த்தார். ஒரு பையன் இன்னொருவனை முறைத்துக்கொண்டு போனபோது நடுவில் நின்று ஏதோ சொல்லி அவனைச் சிரிக்க வைத்தார். அவருக்குச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதே எனக்குப் பதினாலு வருஷமாகத் தெரியாது.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிஷம். எங்கள் கோல் மேற்குச் சுவர்ப் பக்கம், எனக்கு நேர் எதிரே. எதிரணிக்காரன் அடித்த பந்து உள்ளே போகப் போகிறது. எங்கள் பின்வரிசைப் பையன் குதித்தான், கையை நீட்டினான், பந்து அவன் உள்ளங்கையில் பட்டு வெளியே போயிற்று. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மரத்தடியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நடுவர் விசிலை ஊதி, பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

சுவர் முழுக்க எழுந்தது. "பஞ்சாங்கம், பஞ்சாங்கம்" என்று ஒரே இரைச்சல். நான் பெற்றுப் போட்ட சொல், ஐந்நூறு வாயில். ஒருவர் அவருடைய அம்மாவைப் பற்றிக் கத்தினார். பழக்கடைக்காரர் தண்ணீர் பாக்கெட்டை ஓங்கினார், முதல் பாக்கெட் நடுவரின் காலடியில் போய் விழுந்தது. அவர் அசையவில்லை. இடது கை வாட்சைப் பார்த்தார், வலது கை வாட்சை நிறுத்தினார். அந்த மணிக்கட்டுகளை நான் என் வீட்டு வாசலில், கூப்பிய நிலையில், பார்த்திருக்கிறேன். முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றேன். கல்யாணம், சத்தியம் எல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் திறந்துகொண்டது.

"கையில பட்டுச்சுய்யா. நான் பாத்தேன். அது பெனால்டிதான். பாக்கெட்டைக் கீழ போடுங்கய்யா."

எழுபது பையன்களை அடக்கிய தொண்டை. மேற்குச் சுவர் வாயடைத்துப்போனது. "சார், நீங்க எந்தப் பக்கம்?" என்று டைப் அடிக்கிறவர் கேட்டார், குரல் உடைந்திருந்தது. மைதானத்துக்கு நடுவில் இருந்த மனிதர் மெதுவாகத் திரும்பி, மரத்தடியைப் பார்த்தார். என் முகத்தில் அவர் கண் நின்றது. நான் துண்டை மறுபடி போடவில்லை. இனி எதற்கு.

பெனால்டி உள்ளே போனது, கோப்பையும் போனது. எங்கள் ஆட்கள் என்னோடு பேசாமல் கலைந்தார்கள். சுண்டல்காரர் மட்டும், "மனசு கேட்கல இல்ல சார்" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். புல்லில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கழுத்தில் விசிலோடு அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொண்டை சரியாயிடுச்சு போலிருக்கே" என்றார்.

நான் எழுந்து கையைக் கூப்பினேன். "என்ன மன்னிச்சிருங்க. என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ மைதானத்துக்கே வந்ததில்ல. எம்மேல இருக்கிற கோபத்த அவமேல காட்டிடாதீங்க."

"உட்காருங்க. எனக்குப் போன்லயே தெரியும்."

நான் உட்கார்ந்தேன்.

"நாலரைக்கு மேல ராகுகாலம்னு சொன்னீங்கள்ல. அந்தக் குரல்ல அந்த வார்த்தைய எத்தன வருஷம் கேட்டிருக்கேன். போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, வீட்டுக்காரியும் கேட்டா. அவ ஒரே ஒரு நாள் ஆட்டம் பார்க்க வந்திருக்கா. பையனுக்குப் பதிமூணு வயசு இருக்கும், அவனையும் கூட்டிக்கிட்டு வந்தா. அதோட வர்றதே இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பையன், பஞ்சாங்கம்னா திட்டற வார்த்தையாப்பான்னு கேட்டான்."

கையில் இருந்த சுண்டல் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "அப்புறமும் எதுக்குங்க வந்தீங்க?" என்றேன்.

"அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. பையன்தான் சொன்னான். மூணு வருஷமா பழகறேன், அந்தப் பொண்ணு ஒருத்தரக்கூடப் பட்டப்பேர் வச்சுக் கூப்பிட்டதில்லம்மான்னு. அதுக்கப்புறம் அவ புடவை மாத்திக்கப் போயிட்டா." பொட்டலத்திலிருந்து நாலு சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா அவளுக்கு உங்க மேல கோபம் போகல. அத நான் விசில் ஊதி நிறுத்த முடியாது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கையை நீட்டி என் செல்போனை வாங்கி, அந்த வெண்பாவைத் தேடி எடுத்துப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "தளை தட்டலப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பதிலாக அவள் கத்தியிருக்கலாம். குழுவில் ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டேன், உரைநடையில். கைதட்டும் பொம்மைகள் இரண்டு வந்தன, நாலு பேர் குழுவை விட்டுப் போனார்கள்.

நிச்சயதார்த்தம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். பத்தரைக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமையில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அவர்கள் வந்த வேன் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு, பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. "ராகுகாலம் பிறந்துடுத்து, இனி பன்னெண்டுக்கு மேலதான்" என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். இரண்டு குடும்பமும் எதிரெதிரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். நடுவில் பழமும் பூவும் வைத்த தட்டுகள். அந்த அம்மா வந்ததிலிருந்து என் மனைவியோடு பேசினார், மகளுக்குப் பூ வைத்துவிட்டார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பன்னிரண்டு நெருங்கியபோது யாருடைய மணி சரி என்று தகராறு வந்தது. மண்டபத்துக் கடிகாரம் பன்னிரண்டு ஐந்து என்றது. என் மச்சினன் செல்போனைப் பார்த்து இன்னும் ஆகவில்லை என்றான். சாஸ்திரிகள் தன் மணிதான் சரி என்றார். அப்போது அந்த அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாட்ச் கட்டிக்கிட்டு வந்திருக்காரு. இன்னைக்கும் எதுக்குன்னு கேட்டா, பழகிடுச்சுங்கறாரு. அண்ணே, நீங்க கேளுங்க. நீங்க கேட்டாதான் அவருக்கு மணி சொல்ல வரும்."

அன்றைக்கு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது மிஞ்சும் என்பது என்று எனக்குப் புரிந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் காத்திருந்தார்.

எழுந்து நின்றேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். மெதுவாகப் பேசத்தான் நினைத்தேன், ஆனால் என் தொண்டை என் தொண்டைதான், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"சம்பந்தி, ராகுகாலம் முடிஞ்சுதாங்களா?"

பதினாலு வருஷமாக அவரிடம் கேட்ட கேள்வி. பதிலுக்குக் காத்து நின்றது அன்றைக்குத்தான்.

அவர் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. அந்த அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் சம்பந்தி. "தட்ட எடுங்க."